கேட்டாத்தான் தரும்

சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பழைய சர்வர் தானாக அழிந்துவிடும். அதில் சாணார்பட்டி விவசாயிகளின் மழைச்சேதப் போட்டோக்கள் நாற்பதாயிரம் இருந்தன. நஷ்டஈட்டுக்கு வேறு சாட்சி கிடையாது. அவற்றைப் புது சர்வருக்கு மாற்ற ஆல்வின் எழுதிய புரோகிராமோ, மொத்தத்தையும் ஒரேயடியாக விழுங்கப் போய் மூன்று தடவை மூச்சடைத்து நின்றுவிட்டது.

மணி நாலரை.

"ஏலே ஆல்வின், என்னதான்டா பண்றே?" என்று கேட்டார் முதலாளி பெருமாள்சாமி.

"மாத்தி எழுதிட்டேண்ணே. இனிமே நாம கேக்கக் கேக்கத் துண்டு துண்டாத்தான் எடுத்துத் தரும். எட்டுப் பாதையில ஒரே நேரத்துல ஓடும். கேக்காம ஒரு போட்டோவைக்கூடத் தொடாது. அதனால மூச்சடைக்காது."

சேசுவே என்று பட்டனைத் தட்டினான். ஒரே விநாடியில் 'முடிந்தது' என்று திரையில் வந்தது. பிழை ஒன்றுகூட இல்லை.

"இம்புட்டு வேகமா! கெட்டிக்காரன்டா நீ!" பெருமாள்சாமி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு டீ வாங்கித் தந்தார். ஆல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது.

மணி அஞ்சு அடித்தது. பழைய சர்வர் அழிந்தது.

ஆல்வின் புது சர்வரைத் திறந்தான். காலி. மறுபடி திறந்தான். காலி.

"போட்டோவெல்லாம் எங்கடா?"

"கேட்டாத்தான் எடுக்கும்ண்ணே... புரோகிராம்ல 'போட்டோவைத் தா'ன்னு கேக்குற வரியை நான் எழுதவே இல்ல."