பூட்டுப் போட்ட சட்டை

“அதே பாக்கெட்! நான் போட்ட கோடு எனக்குத் தெரியாதா?”

தையல் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள் அவள். சட்டை வெட்டுவதற்கான அளவுப்படங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து இணையத்தில் விற்பது அவள் தொழில். கடைக்குள் வரிசையாகத் தொங்கிய குட்டிச் சட்டைகள், எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் வரைந்தவை.

“இந்தக் கடைப் பேர்ல யாரும் என்கிட்ட வாங்கினதே இல்லைங்க” என்றாள், கூட வந்த கணவனிடம்.

“அப்போ திருட்டுதான். வா, நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்.” முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு கணவன் முன்னால் நடந்தான்.

தையல்காரர் மிஷினை நிறுத்தவே இல்லை.

“ஆமாம்மா, உங்க படம்தான். தெரிஞ்சவர் ஒருத்தர் வாங்கியிருந்தார். நான் நகல் எடுத்துக்கிட்டேன்.”

“நகல் எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டுத்தானே வித்தேன்?”

“போட்டிருந்தீங்க. திரைமேல காகிதத்தை வச்சு, துண்டு துண்டா வரைஞ்சுக்கிட்டேன்.”

“கூசாம சொல்றார் பாரு!” கணவன் போனை எடுத்தான். “இரு, வக்கீலைக் கூப்பிடறேன்.”

“இதை வித்துத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது, தெரியுமா?” என்றாள் அவள்.

“தெரியும்மா. அதான் உங்க முகத்தைப் பார்க்காம மிஷினைப் பார்த்துப் பேசறேன். சார், நீங்க தாராளமா கூப்பிடுங்க. அதுக்குள்ள இந்தச் சட்டையை முடிச்சுடறேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“ஆஸ்பத்திரிக்கா?”

“பிள்ளைங்க வார்டு. கையில மாவுக்கட்டுப் போட்டதுங்க, சட்டை மாட்ட முடியாம அழுவுதுங்க. உங்க சட்டைதான் தோள் வரைக்கும் திறக்குது. சும்மாதான் தைச்சுக் குடுக்கறேன். அதுக்காகத் திருட்டு இல்லைன்னு ஆயிடாது.”

கணவன் போனைக் காதில் வைப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் மனைவி முகத்தைப் பார்த்தான்.

அவள் ஒரு சட்டையை இறக்கி, உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும். முகம் கடுகடுவென்று ஆனது.

“எல்லாமே வலது தோள்லதான் திறக்குது!”

“அந்த ஒரு படம்தாம்மா கிடைச்சுது.”

“அப்போ இடது கை ஒடிஞ்ச பிள்ளை என்ன பண்ணும்? திருடறதுதான் திருடறீங்க, முழுசாத் திருட வேண்டாமா? மெயில் ஐடி சொல்லுங்க, மிச்சத்தை அனுப்பறேன்!”