அறுபதாவது கை

உயர்த்திய கைகளை யாரும் இறக்கவில்லை. தபால்காரர் வெலிமிர் பென்சிலை நீட்டி நீட்டி இரண்டாம் முறையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

பழைய பள்ளிக்கூடத்து வகுப்பறை அது. பிள்ளைகள் இல்லாமல் பூட்டிக் கிடந்த அறையில் இன்று நிற்க இடமில்லை. விறகடுப்பின் சூட்டில் ஈரக் கம்பளிக் கோட்டுகள் ஆவி விட்டன.

ராதிசாவ் என்பவனை ஊர்த்தலைவர் பதவியிலிருந்து இறக்குவதா, வேண்டாமா? அதுதான் கேள்வி. இறக்க அறுபது கை வேண்டும்.

முதல் வரிசையில் மிலுங்கா. கை உயர்ந்திருந்தது. கண் மட்டும் ராதிசாவின் முகத்தை விட்டு அசையவில்லை. அந்த முகம் வெளிறுவதைப் பார்க்கத்தான் அவள் நான்கு வருடமாகச் சோறு தின்றாள்.

ஆற்றுப்பாலம் உளுத்துக் கிடந்தது. அதைச் செப்பனிட வந்த கல்லும் தாரும், ராதிசாவின் சாராயம் காய்ச்சும் கொட்டகை வரைக்கும் வழவழவென்று ஒரு சாலையாகிப் போயின. நாலு வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில் மிலுங்காவின் புருஷன் ஒப்ராத்துக்கு நெஞ்சு அடைத்தது. ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிட்டது. நாலு பேர் அவனைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பாதிப் பாலத்தில் மூச்சு நின்றது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு அவள் ஊர்க்கூட்டத்துக்குப் போனாள். கூட்டம் என்று பேர். ராதிசாவும் அவனோடு குடிக்கிற ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள்.

"பாலத்துக் கல்லு எங்க போச்சு?" என்று கேட்டாள்.

"துக்க வீட்ல அடுப்பு எரியலையா மிலுங்கா? ஆம்பளைங்க பேசற எடத்துல உனக்கென்ன வேலை? போ, போய் நாலு காபி போட்டுக் கொண்டா," என்றான் ராதிசாவ்.

சிரித்தார்கள். அவள் அழவில்லை. எந்தெந்த வாய் சிரித்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

செத்தவர் படம் போட்ட தாளை மரத்திலும் கம்பத்திலும் ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். மிலுங்கா ஒப்ராத்தின் படத்தை ஊர்ச்சபைக் கதவில் ஒட்டினாள், ராதிசாவின் கண்மட்டத்துக்குச் சரியாக. அவன் கிழித்தான். மறுநாள் ஒட்டினாள். கிழித்தான். ஒட்டினாள்.

பிறகு வீடு வீடாக ஏறினாள். இலையுதிர்காலத்தில் சிவப்புக் குடைமிளகாயை நெருப்பில் வாட்டும் முற்றங்களில் போய் உட்கார்ந்து, அவர்களோடு தோலுரித்தபடி பேசினாள்.

"நாம போயி என்ன ஆகப்போவுது?" என்றார்கள்.

"போகாமக் கெடந்ததாலதான் அவன் நம்ம தலையில மொளகா அரைக்கிறான். நீங்க பேச வேணாம். வந்து உக்காந்து கையைத் தூக்குங்க, போதும்."

சிரித்த வாய்களின் வீட்டுக்கும் போனாள். அவர்கள் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தாள். பகையை விழுங்கிக்கொண்டே சிரித்தாள். ஒரே ஒரு வீட்டுப் படியைத்தான் மிதிக்கவில்லை.

வெலிமிர் பென்சிலை இறக்கினார்.

"ஐம்பத்தொன்பது."

மிலுங்கா திரும்பிப் பார்த்தாள். நெஞ்சில் சிலுவை போட்டு வாக்குக் கொடுத்திருந்த தேனீக்காரன் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

ராதிசாவின் முகம் வெளிறவில்லை. அது மெல்ல மலர்ந்தது.

"இன்னும் யாராச்சும் பாக்கி இருக்கீங்களா? வீட்டுப் பூனையையும் தூக்கிட்டு வந்திருக்கலாமே மிலுங்கா!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். உயர்ந்திருந்த கையை முஷ்டியாக்கி அவன் மேசைமேல் இறக்கிவிடலாமா என்று மிலுங்காவுக்கு ஒரு கணம் தோன்றியது.

அப்போது அடுப்புப் பக்கம் காபித் தட்டு ஒன்று மேசைமேல் இறங்கும் சத்தம் கேட்டது. கிண்ணங்கள் கிணுகிணுத்தன.

கோசரா. ராதிசாவின் மனைவி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் காபி போடுகிறவள். அவளும் ஓட்டுள்ள ஊர்க்காரிதான் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் நினைவில் இருந்ததில்லை. மிலுங்காவுக்கும்தான். பகையாளியின் வீட்டில் பகையாளி மட்டும்தான் இருப்பான் என்று அவள் எண்ணியிருந்தாள்.

கோசரா வலது கையைத் தூக்கினாள்.

அது தோளுக்கு மேல் போகவில்லை. முழங்கையிலிருந்து முறிந்த கிளை மாதிரி வெளிப்பக்கம் கோணிக்கொண்டு நின்றது. கிணற்றடிப் பனியில் வழுக்கி விழுந்தாள் என்று ராதிசாவ் சொன்னதும், ஊரே தலையாட்டியதும் எந்த வருடம் என்று யாருக்கும் நினைவில்லை.

"அவ தலைக்குட்டைய சரி பண்றா," என்றான் ராதிசாவ். "அதெல்லாம் கை தூக்கினதாகுமா? உள்ள போடி."

வெலிமிர் பென்சிலும் கையுமாகத் திகைத்து நின்றார்.

"இந்தக் கை இதுக்கு மேல எழும்பாது, வெலிமிர் அண்ணே," என்றாள் கோசரா. குரலில் நடுக்கமே இல்லை. "ஏன்னு உங்க தலைவரைக் கேளுங்க."

யாரும் கேட்கவில்லை.

தேனீக்காரனின் கைகள் பையிலிருந்து வெளியே வந்தன. எதற்கு வந்தோம் என்று தெரியாமல் தொங்கின.

"அறுபது," என்றார் வெலிமிர்.

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் மிலுங்காவின் கையும் இறங்கியது.

கோசரா இறக்கவில்லை.