ஏணியைப் பிடித்தவர்

தன் வீட்டு வாசலில் யாரோ ஒருவன் ஏணி போட்டு ஏறி நிற்பதைப் பார்த்ததும் தலைமை எழுத்தருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று வெகுநாளாகிறது. மிரட்டும் குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதை எடுத்து வீசுவதற்குள் மேலே இருந்தவன் முந்திக்கொண்டான்.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க! ஏணியைக் கொஞ்சம் பிடிங்க. ஆடுது."

தூறலுக்காக மழைக்கோட்டின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார் எழுத்தர். தெருவோடு போகிறவர் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. இப்போது கத்தினால் பயல் விழுந்து தொலைப்பான். அப்புறம் ஆஸ்பத்திரி, விசாரணை என்று அலைய வேண்டும். வேறு வழியில்லாமல் ஏணியைப் பிடித்தார்.

"என்ன தம்பி பண்றே?"

"கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மாட்டறேண்ணே."

"அது தெரியுது. இது யார் வீடு?" சொந்த வாசலில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டது அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

"ஒரு பெரியவர் வீடு. தனியா இருக்காரு. அந்தம்மா இருந்தவரைக்கும் வருஷா வருஷம் இங்க நட்சத்திரம் தொங்கும். அவங்க போனதுக்கப்புறம் வாசல் விளக்குகூட எரியறதில்ல."

"அவர் மாட்டச் சொன்னாரா?"

"அவரா? நல்லா கேட்டீங்க போங்க! முகத்தை உர்ருனு வெச்சுக்கிட்டுப் போவாரு, உர்ருனு வருவாரு. தெருவுல ஒருத்தரோட பேச்சு கிடையாது. சிரிச்சா சொத்து கரைஞ்சிடுமா என்ன?"

ஏணியை ஓர் உலுக்கு உலுக்கலாமா என்று எழுத்தருக்குத் தோன்றியது.

"அவரைக் கேக்காம ஏறினது தப்பில்லையா?"

"தப்புதாண்ணே. ஆனா கேட்டா வேண்டாம்பாரு. வேண்டாம்னு சொல்லிட்டா அப்புறம் எப்படி மாட்டறது?"

இப்படியொரு நியாயத்தை ஆபீசில்கூட அவர் கேட்டதில்லை.

இவன் போனதும் முதல் வேலையாக இதைக் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். நட்சத்திரத்தின் மேல் அவருக்கு ஒரு விரோதமும் இல்லை. அது எரிந்தால் மனைவி உள்ளே இருப்பதுபோல் இருக்கும். கதவைத் திறந்தால் இருக்கமாட்டாள். அதைத் தாங்க அவரால் ஆகாது.

"உனக்கு எதுக்குப்பா இந்த வேண்டாத வேலை?"

"அதோ, அந்த மூலை வீட்டு மாடியில ஒத்தை ரூம் என்னுது. லிஃப்ட் மெக்கானிக். பகல் பூரா கட்டடம் கட்டடமா ஓடுவேன். சாயங்காலம் வந்தா பேச ஆள் கிடையாது. குடும்பம்னு ஒண்ணு அமையலண்ணே."

நட்சத்திரத்தைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே தொடர்ந்தான்.

"நான் குடிவந்த வருஷம் இதே சமயம். ஜன்னலோரம் தனியா சாப்பிட்டுட்டிருந்தேன். அந்தம்மா இங்க நட்சத்திரம் மாட்டிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்தாங்க. நேரா இருந்ததை மெதுவா என் ஜன்னல் பக்கமா திருப்பிவிட்டாங்க. அதுலேருந்து வருஷா வருஷம் அப்படித்தான். ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா அந்த வெளிச்சத்துல சாப்பிட்டா, யாரோ கூட உக்காந்திருக்கற மாதிரி இருக்கும்."

எழுத்தர் நிமிர்ந்து நட்சத்திரத்தைப் பார்த்தார்.

வருஷா வருஷம் வீட்டில் நடந்த சண்டை அது. "ஒரு நட்சத்திரத்தை நேரா மாட்டத் தெரியலையா உனக்கு?" என்று இவர் திருப்பி வைப்பார். மறுநாள் பார்த்தால் பழையபடி கோணலாகத் தொங்கும். கேட்டால் சிரிப்பாள். வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை என்று எத்தனை கேலி செய்திருப்பார்!

"அப்போ இப்பவும் உன் ஜன்னல் பக்கமே திருப்பிவிடு, தம்பி."

"இல்லண்ணே." அவன் நட்சத்திரத்தை அந்த வீட்டின் முன்னறை ஜன்னலைப் பார்க்கத் திருப்பினான். "அவரு ராத்திரியானா விளக்குகூடப் போடாம இந்த ஜன்னலோரம் உக்காந்திருப்பாரு. என் ரூம்லேருந்து பார்த்தா நிழலாத் தெரியும். மனசுக்குக் கஷ்டமா இருக்கும். இந்த வருஷம் அவருக்கு இருக்கட்டும்."

"எரியுமா?"

"ஒயரை ஜன்னல் இடுக்கு வழியா உள்ள விட்டிருக்கேன். பிளக்கை அவர்தான் சொருகணும்."

"சொருகலைன்னா?"

"விட்டுட வேண்டியதுதான். அடுத்தவங்க வீட்டு சுவிட்சுல நாம கை வைக்க முடியுமா?"

இறங்கி வந்து ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

எழுத்தருக்கு இப்போது பெரிய சங்கடம். 'இது என் வீடுதான்' என்று சொன்னால், பேசிய பேச்சையெல்லாம் நினைத்துப் பையன் வெட்கத்தில் குறுகிப்போவான். இவ்வளவு நல்ல மனசுக்காரனை அப்படி நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. அவன் போன பிறகு திரும்பி வந்துகொள்ளலாம் என்று கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார்.

"வரேன் தம்பி. வீட்டுல தேடுவாங்க."

சொன்ன பிறகுதான் அந்தப் பொய் அவரைச் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு நாலு எட்டு நடந்திருப்பார்.

"அண்ணே!"

திரும்பினார். மெக்கானிக் அவருடைய வீட்டுக் கேட்டை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"மழையில எங்க சுத்தப் போறீங்க? உள்ள போய்ப் பிளக்கைச் சொருகுங்கண்ணே. நான் ஜன்னல்லதான் இருப்பேன்."