பாலத்துப் பக்கம் ஒன்றுமில்லை

மான் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் ஜீப்பைத் தாண்டி, பின்னால் எதையோ பார்த்தது.

வால் நிமிர்ந்து நின்றது. முன்னங்காலால் தரையை ஒருமுறை தட்டியது. பிறகு கத்தியது.

"அழகா இருக்கே. என்ன சொல்லுது அது?" என்றார் பின்னிருக்கையில் இருந்த கேமராக்காரர்.

"ஜோடியைக் கூப்பிடுது சார்."

ஒன்பது வருடமாக இந்த விடுதிக்காகக் காட்டுக்குள் ஜீப் ஓட்டுகிறேன். மான் எப்போது இப்படிக் கத்தும் என்று எனக்கா தெரியாது? பக்கக் கண்ணாடியை மெல்லத் திருப்பினேன்.

சிறுத்தை. பாதை நடுவில், முப்பதடி தள்ளி. வாயில் அதன் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

'திரும்பிப் பாருங்க சார்.' இந்த மூன்று சொல் போதும், என் வேலை நிலைத்துவிடும்.

அவரும் அவர் மனைவியும் மூன்று நாளாக என் ஜீப்பில்தான் வருகிறார்கள். இது கடைசிச் சுற்று. "இன்னொரு தடவை 'சிறுத்தை பார்க்கவில்லை'ன்னு விருந்தாளி எழுதிக் கொடுத்தா, நீங்க சலவைப் பக்கம் போயிடுங்கம்மா" என்று மேலாளர் நேற்றுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆனால் போன வருடம் என்னுடைய இதே வாய்தான், சந்தோஷம் தாங்காமல் ரேடியோவில், "ஓடைப் பாறையில குட்டி போட்டிருக்கு" என்று கத்தியது.

ஒரு விலங்கின் அருகே மூன்று வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று எங்கள் விடுதி வாசலில் பெரிய பலகை இருக்கிறது. பலகை வாசலிலேயே இருந்தது. ஓடைக்குப் பதினோரு ஜீப் வந்தது, பக்கத்து விடுதி வண்டிகளையும் சேர்த்து. மிரண்டு ஓடிய தாய் இரண்டு நாள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் வனக்காவலர் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அதைத் திறந்திருக்கக் கூடாது. திறந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு எந்த டிரைவரும் எனக்குத் துப்புச் சொல்வதில்லை. அதிலும் ஹார்ன் அண்ணன் சுத்தமாகச் சொல்வதில்லை. எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யானை முன்னால் ஹார்ன் அடித்தவர், பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் அவருக்கு ஒரே பாட்டு. பாலத்துப் பக்கம் போகாதீர்கள், கொசுதான் இருக்கிறது.

காலடியைப் பார்த்தே வயதைச் சொல்கிற மனுஷனுக்கு ஒரு வாரமாகக் கொசு மட்டும்தான் தெரிகிறதாம். தன் விருந்தாளிகளுக்கு என்று எதையோ பதுக்கி வைத்திருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீம்பில்தான் இன்று காலை வண்டியை இந்தப் பக்கம் திருப்பினேன். திருப்பத்தில் ஒரு முள்கிளை குறுக்கே விழுந்து கிடந்தது. காற்றைத் திட்டிக்கொண்டே இழுத்துப் போட்டேன். கட்டைவிரலில் முள் ஏறியதுதான் மிச்சம்.

"சார், கொம்பைப் பாருங்க. இவ்வளவு பெரிசு லேசுல கிடைக்காது."

அவர் மானையே படம் எடுத்தார். நான் கண்ணாடியையே பார்த்தேன். சிறுத்தை ஓர் அடி எடுத்து வைத்தது.

ரேடியோ கரகரத்தது.

சிறுத்தையின் காதுகள் பின்னால் படிந்தன. உடம்பு தரையோடு தாழ்ந்தது. வாயில் குட்டி ஆடியது. போச்சு, குட்டியைப் போட்டுவிட்டு ஓடப் போகிறாள் என்று நினைத்தேன். துண்டை ரேடியோ மேல் போட்டு மடியோடு அமுக்கிக்கொண்டேன்.

"பாலத்துப் பக்கம் மான் கத்துதே, யாருப்பா அங்க? என்ன தெரியுது?"

பக்கத்து விடுதி டிரைவர். பேசுவது அவர் ஒருவர்தான், கேட்டுக்கொண்டிருப்பது காட்டிலுள்ள அத்தனை வண்டியும். பதில் சொல்லாவிட்டால் அத்தனையும் இங்கே வந்து நிற்கும்.

துண்டுக்குள் வாயை வைத்தேன். "நான்தான். என் ஜீப்பைப் பார்த்துக் கத்துது. ஒண்ணுமில்ல."

சாருக்கு ஒரு பொய், ரேடியோவுக்கு ஒரு பொய்.

என் பேச்சை நம்பினார்களா, இல்லை வண்டியைக் கிளப்பிவிட்டார்களா என்று தெரியவில்லை. எஞ்சின் சத்தம் எங்காவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடியில் அவள் எழுந்தாள். அவசரமே இல்லாமல் பாதையைக் கடந்தாள். பாறைகளுக்குள் முதலில் தலை போனது, கடைசியாக வால் நுனி.

"அப்ப இன்னிக்கும் இல்லையா?" என்றார் கேமராக்காரர்.

"இல்ல சார்."

அவர் லென்ஸை மூடும் சத்தம் கேட்டது. பாவம், எவ்வளவு ஆசையாக வந்தார். சலவைப் பக்கம் நல்ல நிழல், புழுதி கிடையாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தேறவில்லை, அழுகைதான் வந்தது.

அடுத்த குட்டியை எடுக்க அவள் திரும்பி வருவாள். அதற்குள் நாங்கள் போயாக வேண்டும். வண்டியை மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

பாதை பிரியும் இடத்தில் நிறுத்தி இறங்கினேன். அந்த முள்கிளையைப் பழையபடி குறுக்கே போட்டால் வேறு வண்டி நுழையாது. அடிப்பக்கம் பிடித்து இழுத்தபோதுதான் கவனித்தேன், அது காற்றில் முறிந்த கிளை இல்லை. அரிவாளால் ஒரே போடாகப் போட்டு வெட்டியது. வெட்டுவாய் காய்ந்து ஒரு வாரமாவது இருக்கும்.

ஜீப்புக்குள் ரேடியோ மறுபடி கரகரத்தது. இந்த முறை ஹார்ன் அண்ணன்.

"முள்ளு ரொம்பக் குத்திருச்சாம்மா?"

விரலில் முள் ஏறியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.