பன்னிரண்டாம் எண் அறை

பன்னிரண்டாம் எண் அறையை இதுவரை யாரும் கேட்டு வாங்கியதில்லை. கடைசியாக வந்து சேர்பவள் தலையில்தான் அதைக் கட்டுவேன்.

அதற்கும் விடுதியின் பொது அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர். அந்தப் பக்கம் டேபிள் டென்னிஸ், டிவி, ஓயாத சிரிப்பு. என் மேஜையில் இருக்கும் வரைபடத்தில் பன்னிரண்டின்மேல் ‘சத்தம்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் மாடிக் கோடியில் இருக்கும் நாற்பதின்மேல் ‘படிப்பு’.

நான் பதினேழு வருடமாக வார்டன். முதலாம் ஆண்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: படிக்கவும் தோதாக இருக்க வேண்டும், நாலு பேரோடு கலகலப்பாகவும் இருக்க வேண்டும். அப்படி ஓர் அறையை எந்தக் கொத்தனாரும் இன்னும் கட்டவில்லை என்பேன்.

நாற்பதில் இருந்தவர்கள் நல்ல மார்க் வாங்கினார்கள். வருடம் முழுக்கத் தனியாகச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டில் இருந்தவர்களுக்கு ஊர்ப்பட்ட சிநேகிதிகள். பாதிப் பாடத்தில் அரியர்.

இந்த வருடச் சேர்க்கை நாளன்று காலை மார்க் வரிசைப்படி அறை ஒதுக்கினேன். முதல் ரேங்க் பெண்தான் முதலில் வந்தாள். அவள் முன்னால் மொத்த வரைபடமும் காலியாகக் கிடந்தது.

ஒல்லியான பெண். பின்னாமல் விட்ட முடி காதை மூடித் தோளில் விழுந்திருந்தது. யார் பேசினாலும் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மரியாதையா என்று எனக்கே கொஞ்சம் உச்சி குளிர்ந்தது.

கூட வந்த அம்மா நாற்பதின்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. எந்த செமஸ்டரிலும் எண்பதுக்குக் கீழே போனால் உதவித்தொகை நின்றுவிடும். அது நின்றால் படிப்பும் நின்றுவிடும். இதை என்னிடம் மூன்று முறை சொன்னார்.

“ரெண்டையும் பாத்துட்டுச் சொல்றேன் மேடம்,” என்றாள் பெண்.

நாற்பதாம் அறையில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள். தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. இங்கே யார் வருவார்கள் என்று கேட்டாள். யாரும் வரமாட்டார்கள், அதுதான் இதன் விசேஷம் என்றேன்.

கீழே பொது அறையில் சீனியர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இவளைப் பார்த்து மட்டையை நீட்டினாள். இவள் நாலு பந்து அடித்தாள். மூன்று சுவரில் போய் மோதின. எல்லோரும் சிரிக்க, அவளும் சிரித்தாள். அம்மா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பன்னிரண்டுக்குள் போனாள். பந்து மோதும் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றாள். சுவர் பலமாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் போலும் என்று நினைத்தேன்.

“எனக்கு இதுதான் வேணும்.”

அம்மா அவளுக்கு எதிரே போய் நின்றார். மகளிடம் எதைச் சொன்னாலும் எதிரே போய் நின்றுதான் சொன்னார்.

“சீட்டு கெடச்சதே பெரும்பாடு. வெளையாடாதடி.”

“பன்னெண்டு வருஷம் ஸ்கூல்ல தனியாத்தாம்மா சாப்ட்டேன். போதும். மார்க்கும் எடுக்கறேன், பாரு.”

ஒரு வாரத்தில் அழுதுகொண்டு வந்து நின்றால் மாற்றித் தரமாட்டேன் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கினேன். அதை முழுதாகப் படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பெயர், மார்க், கையெழுத்து. அதோடு சரி.

மதியச் சாப்பாட்டில் நாலு சீனியர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, பேச்சு மட்டும் ஓயவில்லை. முதல் ரேங்க் போச்சு என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு அலமாரிச் சாவி கொடுக்கப் போனேன். பொது அறை அல்லோலகல்லோலப்பட்டது. பன்னிரண்டின் கதவு திறந்திருந்தது. அவள் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கடைக்குப் போன அம்மா, புது வாளியும் துணி காயப்போடக் கயிறுமாக என் பின்னால் வந்து நின்றார்.

சுவரில் பந்து மோதியது. அந்தப் பக்கம் ஒரே கூச்சல். எங்கே, இப்போது படி பார்க்கலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகவே சொல்லிக்கொண்டேன்.

அவள் முடியை ஒதுக்கினாள். வலது காதிலிருந்து காது மெஷினைக் கழற்றினாள். அப்புறம் இடது காதிலிருந்து. இரண்டையும் ஒரு சின்ன டப்பாவில் வைத்து மூடினாள். புத்தகத்தைத் திறந்தாள்.

நான் கூப்பிட்டேன். இன்னொரு முறை, உரக்கக் கூப்பிட்டேன். அவள் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“கழட்டாதேன்னு தலபாடா அடிச்சுக்கறேன், கேக்கறாளா,” என்று அம்மா திட்டுவதற்காக உள்ளே போனார். பாதியில் நின்றுவிட்டார். மகளின் முதுகைப் பார்த்தார். அதிர்கிற சுவரைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார்.

பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காலையிலிருந்து நெஞ்சில் சுமந்த பயமெல்லாம் கண்ணீரும் சிரிப்புமாக இறங்கியது. என் மகள் ஜெயித்துவிட்டாள் என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

வாளியை ஓசைப்படாமல் கீழே வைத்தார். என்னையும் வெளியே வரச் சொல்லி ஜாடை காட்டிவிட்டு, கதவை மெல்லச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

நான் என் மேஜைக்குத் திரும்பி, ரப்பரைத் தேடி எடுத்து, பன்னிரண்டின்மேல் இருந்ததை அழித்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது.