சாவிக்கு ஓர் உபவாசம்

கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாச் சொல்ற கதையில்லை இது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை. கோழிக்கூண்டுச் சாவி அதுவரை பாஸ்டர் வான்கோழியிடம் இருந்தது. இனி யாரிடம் கொடுப்பது என்று தேர்தல் வைத்தார்கள். நரி வேட்பாளராக நின்றது. ஞாயிறு தவறாமல் ஜெபக்கூட்டத்துக்கு வந்து, எல்லாரையும்விட உரக்க "ஸ்தோத்திரம்!" போட்டது. சபைக்குப் புதுக் கூரை போட்டுத் தருவதாகவும் சொன்னது. பாஸ்டர் அதன் தலையில் சிறகை வைத்து, "இவர் ஆண்டவர் அனுப்பின ஆள். எல்லாரும் இவருக்கே ஓட்டுப் போடுங்க" என்றார். கோழிகளும் ஆமென் சொல்லிவிட்டன.

செவலைக் கோழி மட்டும் எழுந்தாள். "ரொம்ப சந்தோஷம் பாஸ்டரய்யா. ஓட்டுக்கு முன்னாடி மூணு நாள் உபவாச ஜெபம் வைக்கிறது நம்ம சபை வழக்கமாச்சே. பிரதரும் நீங்களும் ஒரே அறையில உட்காருங்க. நான் வெளியே இருந்து பூட்டிடறேன்."

நரி வான்கோழியின் தொடையைப் பார்த்து நாக்கைச் சுழற்றியது. "எனக்குச் சம்மதம் சிஸ்டர்!"

பாஸ்டரின் சிவந்த கழுத்து வெளுத்துப்போனது. "அது வந்து... ஆண்டவர் இன்னும் தெளிவாச் சொல்லலைம்மா" என்று கூண்டுச் சாவியை அவளிடமே நீட்டினார்.

செவலை அதைக் கொண்டுபோய், முட்டையோடு முட்டையாக வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டாள்.