சகலைக்கு அடுத்த எண்

இருநூற்றுப் பதினொன்று, சகலை. இருநூற்றுப் பன்னிரண்டு, மூத்த மாப்பிள்ளை.

மூத்த மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எண் மாறவில்லை.

விமானிகள் ஓய்வறைச் சுவரில் பட்டியலை இப்போதுதான் ஒட்டியிருந்தார்கள். அதற்குள் எள் போட்டால் விழாத கூட்டம். பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியை வாங்கிய நாளிலிருந்து எல்லோரும் காத்துக் கிடந்த பட்டியல் அது. இரண்டு கம்பெனி விமானிகளையும் வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். கேப்டன் பதவி, வேலை பார்க்கும் ஊர், விடுப்பு என்று புது ஒப்பந்தத்தில் எல்லாமே இனி இந்த வரிசைப்படிதான்.

சொந்த ஊரில் காலியாக இருந்தது ஒரே ஒரு கேப்டன் இடம். இருநூற்றுப் பத்து வரைக்கும் எல்லோரும் ஏற்கெனவே கேப்டன்கள்.

ஆக, அந்த இடம் சகலைக்கு.

இனிமேல் அவன் விமானத்தில் இடப்பக்கம் உட்கார்ந்து உத்தரவு போடுவான். இவர் துணை விமானியாகவே வலப்பக்கம் உட்கார்ந்து, "சரிங்க கேப்டன்" என்று தலையாட்ட வேண்டும். வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை!

வயிறு பற்றி எரிந்தது.

இன்று நேற்று பற்றிய எரிச்சல் இல்லை இது. சகலை வீடு வாங்கினான், இவருக்குத் தூக்கம் போயிற்று. சகலையின் மகள் முதல் மார்க் எடுத்தாள், இவர் மகனுக்குத் திட்டு விழுந்தது. சின்னக் கம்பெனியில் அவன் ஓட்டிய குட்டி விமானத்துக்கு மாமியார் வீட்டில் 'மினி பஸ்' என்று பெயர் வைத்ததே இவர்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சகலையும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அதுதான் இவருக்குத் தாங்காது.

இரண்டு பேரும் அவரவர் கம்பெனியில் சேர்ந்தது ஒரே வருடம், ஒரே மாதம், ஒன்றாம் தேதி. அப்படி ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவர் முன்னால் என்பது விதி. சகலை இவரைவிட ஐந்து மாதம் இளையவன். வாய்க்கு வாய் அண்ணா என்று கூப்பிடுகிறவன். அவன் எப்படி முன்னால் போனான்?

ஏதோ தில்லுமுல்லு. விடக் கூடாது.

"அண்ணா!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த சகலை, அத்தனை பேர் முன்னாலும் இவரைக் கட்டிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்காக எங்கப்பா சர்டிபிகேட்ல ஒரு வயசு கூட்டிப் போட்டுட்டார்னு, என் கல்யாணத்தப்போ உங்ககிட்ட பொலம்பினேனே. அத இன்னும் ஞாபகம் வெச்சிருந்தீங்களேண்ணா!"

சொன்னானா? சொல்லியிருப்பான். மாமனார் அவன் கையில் கட்டிய கடிகாரம் தன்னுடையதைவிட விலை கூடுதலா என்று இவர் அப்போது உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் எங்கே விழும்?

சகலை கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"எல்லாரும் சீட்டுக் குலுக்கிப் போடலாம்னு சொன்னாங்களாம். அண்ணன்தான் ஒத்தக் கால்ல நின்னு, வயசத்தான் பாக்கணும்னு வாதாடியிருக்காரு. தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சே!"

வாதாடியது உண்மைதான். பட்டியலை இணைத்த குழுவில் பெரிய கம்பெனி சார்பில் உட்கார்ந்திருந்தவர் மூத்த மாப்பிள்ளை. யாரும் தன் வசதிக்கு விதி செய்துவிடக் கூடாது என்று, குழுவினருக்கு விமானிகளின் பிறந்த தேதிகளைக் காட்டவில்லை. இவருக்கு எதற்குக் காட்ட வேண்டும்? ஐந்து மாத வித்தியாசம் மனப்பாடம். மேசையைத் தட்டித் தட்டிப் பேசி, தொண்டை கட்டிப்போகும் வரை மல்லுக்கட்டி அந்த விதியை வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். நேற்றுவரை முறைத்துக்கொண்டிருந்த சின்னக் கம்பெனிக்காரர்கள் வரிசையில் வந்து கைகொடுத்தார்கள்.

மூத்த மாப்பிள்ளை சகலையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "குடும்பம்னா பின்ன என்ன?" என்றார்.

சகலையின் கண்ணீர் இவருடைய வெள்ளைச் சட்டைத் தோளை நனைத்திருந்தது. நடிப்பில்லை, பயலுக்கு உண்மையாகவே மனசு நிறைந்திருந்தது. எண் மாறி விழுந்திருந்தால், நாலு பேர் பார்க்க இவனைக் கட்டிக்கொண்டு நாம் இப்படி அழுதிருப்போமா என்று யோசித்துப் பார்த்தார்.

மாட்டோம்.

அதற்கும் பொறாமையாக இருந்தது.